ஒன்பதாவது குறிப்பு

கல்லூரியில் அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒத்திகை என்றால் தெரியும். யாருடனாவது தொலைபேசியில் பேச வேண்டுமானால், பேசப்போவதை முதலில் ஒரு தாளில் எழுதி, இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அதன் பிறகுதான் எண்ணை அழுத்துவாள். ஒரு முறை அழைப்பு தவறான எண்ணுக்குப் போய்விட்டது. எடுத்தவர் யாரோ ஒரு பல் மருத்துவர். அவரிடமும் தாளில் இருந்த பதினோரு வரிகளையும் வாசித்து முடித்துவிட்டே வைத்தாளாம்.

அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அம்மா ஒரு துணிக்கடையின் பின்னறையில், வாங்கிய உடைகளை ஆளுக்குத் தக்கபடி பிடித்துத் தைத்துக் கொடுப்பவர். இருவருக்கும் பயம் என்பதே கிடையாது. "ஊசி குத்துறதுக்கு முன்னாடியே கத்துறவ இவ. யாரைக் கொண்டு பொறந்தாளோ!" என்று அம்மா சொல்வார்.

மூன்றாம் ஆண்டு புள்ளியியல் படித்த அவள், மாணவர் சங்கத்தில் முதலாண்டிலிருந்தே ஏற்றிருந்த வேலை, பார்வையற்ற மாணவர்களின் தேர்வுகளுக்கு ஸ்கிரைப் ஏற்பாடு செய்வது. ஸ்கிரைப் என்றால், அவர்கள் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதிக் கொடுப்பவர். அப்படி எழுதுபவர் தேர்வரைவிடக் கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும். வேறு பாடம் படிப்பவராகவும் இருக்க வேண்டும். கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும், மூன்று மணி நேரம் கை வலிக்கக் கூடாது, அந்த நாளில் அவருக்குச் சொந்தத் தேர்வு இருக்கக் கூடாது. இதையெல்லாம் கட்டம் போட்ட ஒரு நீளநோட்டில் வைத்திருந்தாள். நான் அப்போது தேர்வுப் பிரிவில் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே எழுதும் தேதிகளும் நேரங்களும் பதிவேட்டில் உள்ளவை. நேரில் பார்க்காதவற்றை அவளிடமும் அவளுடைய அப்பாவிடமும் கேட்டு எழுதியிருக்கிறேன்.

புதிதாக வரும் ஸ்கிரைப்களுக்கு அவள் ஒரு பக்கக் குறிப்புத் தாள் கொடுப்பாள். முதல் எட்டுக் குறிப்புகள் தேர்வு விதிகளிலிருந்து எடுத்தவை. ஒன்பதாவது அவளே சேர்த்தது: "ஒவ்வொரு விடையும் முடிந்ததும் எழுதியதைத் தாழ்ந்த குரலில் அவருக்கு வாசித்துக் காட்டவும். அவர் சரி என்ற பிறகே அடுத்த விடைக்குப் போகவும்."

இந்தக் குறிப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. முதுநிலை வரலாறு படித்த ஒருவர் இருந்தார். வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு வானொலி என்று பெயர். பிறவியிலேயே பார்வை இல்லை. அவர் முதல் பருவத் தேர்வில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போக, ஸ்கிரைப் பின்தங்கி, ஒரு பத்தியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்துக்கொண்டான். பதினைந்து மதிப்பெண் போயிற்று. விடைத்தாளின் நகலை வாங்கி வேறு ஒருவர் வாசித்துக் காட்டியபோதுதான் வானொலிக்கே அது தெரிந்தது. "நான் சொன்னது எங்கேப்பா போச்சு? காத்துலயா?" என்று அவர் கேட்டது அவளைத் தூங்கவிடவில்லை. அந்த வாரமே ஒன்பதாவது குறிப்பு தாளில் ஏறியது.

தேர்வு விதி நான்கு, "ஸ்கிரைப் விடை தொடர்பாக எதுவும் பேசக் கூடாது" என்கிறது. வாசித்துக் காட்டுவது பேச்சில் சேருமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் அறுபத்து மூன்று தேர்வுகள் அப்படியே நடந்தன. அறைக் கண்காணிப்பாளர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அறுபத்து நான்காவது தேர்வு வானொலியின் கடைசிப் பருவத்துப் பொருளாதார வரலாறு. மூன்றாம் தேதி, இரண்டாவது மாடி, பதினான்காம் அறை, காலை பத்து மணி. எழுதியவள் தாவரவியல் முதலாண்டு மாணவி. கண்காணிப்பாளர் வேறு கல்லூரியிலிருந்து புதிதாக வந்தவர், கண்டிப்பானவர். அறையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த அவர், அந்தப் பெண்ணின் உதடுகள் அசைவதையும், அதைக் கேட்டு வானொலி தலையாட்டுவதையும் நான்கு முறை பார்த்தார். 11.05க்கு அறிக்கை எழுதினார்: "உதவியாளர் தேர்வருக்கு விடை சொல்கிறார்."

முதல் விசாரணை ஒன்பதாம் தேதி. முதலாண்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டபோது, ஒத்திகை அக்காவை மாட்டிவிடக் கூடாது என்று நினைத்து, "நான் எதுவுமே பேசல" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பார்த்தவர் நாலு முறை பேசினாள் என்கிறார். இவள் வாயே திறக்கவில்லை என்கிறாள். பொய்க்காரி ஆகிவிட்டாள். வானொலியை யாரும் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. பிறகு ஒத்திகையைக் கூப்பிட்டார்கள். தேர்வுப் பிரிவின் தலைவியை எல்லோரும் கன்ட்ரோலர் மேடம் என்பார்கள். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"ஸ்கிரைப்களுக்கு விதியெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கியாம்மா?"

"எல்லா விதியையும் எழுதிக் கொடுத்திருக்கேன் மேடம்."

அது உண்மை. ஆனால் பாதி உண்மை. சொல்வதற்காக எழுதிக்கொண்டு போயிருந்த தாளில் அந்த ஒரு வரியோடு நிறுத்தியிருந்தாள். ஒன்பதாவது குறிப்பு தான் சேர்த்தது என்று அதில் இல்லை.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி முடிவுகள் வெளியாயின. வானொலியின் எண்ணுக்கு எதிரே "நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று இருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. இறுதி மதிப்பெண் பட்டியலை இருபத்தெட்டாம் தேதி பகல் பன்னிரண்டுக்குள் அங்கே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இடம் காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். இறுதி விசாரணை இருபத்து நான்காம் தேதி காலை 10.30 என்று கடிதம் வந்தது.

இதற்கு நடுவில்தான் அந்தப் பயணம். பல நாடுகளின் மாணவர் சங்கத் தன்னார்வலர்கள் கூடும் சர்வதேசக் கூட்டம், பதினேழு முதல் பத்தொன்பது வரை. உடல் குறைபாடுள்ள மாணவர்களுக்குச் சங்கங்கள் செய்யும் உதவி பற்றிய அமர்வில் ஐந்து நிமிடம் பேச அவளை நான்கு மாதம் முன்பே தேர்ந்தெடுத்திருந்தார்கள். உரையை அப்போதே எழுதிவிட்டாள். கடைசி வரி: "இரண்டு ஆண்டுகள், அறுபத்து மூன்று தேர்வுகள், ஒரு புகாரும் இல்லை."

"நான் போகலம்மா" என்றாள் பதினான்காம் தேதி.

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "போகாம இங்க உக்காந்து என்ன பண்ணப்போற? நகத்தைக் கடிக்கப்போற. அதுவும் பத்து விரல்தான் இருக்கு."

"அவரு வாழ்க்கையே தொங்கிட்டு இருக்கு. நான் சர்வதேசக் கூட்டம்னு கையில பெட்டியோட போனா ஊரு சிரிக்காதா?"

"ஊரு என்னைக்குச் சிரிக்காம இருந்துச்சு?" என்றார் அப்பா. "பொண்ணு முகமே சரியில்லையே. வேற என்னமோ இருக்கு. என்னடா?"

அவள் சொல்லவில்லை. மடியில் கனம் இருந்தது. சங்கத் தலைவனும் விடவில்லை. "நீ போகலன்னா நம்ம இடம் காலி நாற்காலி. அடுத்த வருஷம் கூப்பிடவே மாட்டாங்க" என்றான். போனாள்.

கூட்டம் நடந்தது ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டு அரங்கில். தரையில் பந்தாட்டக் கோடுகள். அவற்றின் மேல் நாற்காலி வரிசைகள். நாற்பத்தொரு சங்கங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர். கூட்டத்தின் பொதுமொழி அவளுக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் பழக்கம். அங்கே பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன். முதல் நாள் முற்பகலில் ஆறு உரைகள். ஒற்றுமை, எதிர்காலம், இளைஞர் சக்தி. அவள் ஒன்றையும் கேட்கவில்லை. கழுத்தில் தொங்கிய பெயரட்டையின் கயிற்றை முறுக்கிக்கொண்டு, இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் வந்து இதைக் கேட்கவா என்று தோன்றியது.

மதியச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தவன் ஒரு சட்டக் கல்லூரி மாணவன். பார்வை மங்கலானவன், வெளிச்சம் கூசாமல் இருக்க மஞ்சள் கண்ணாடி போட்டிருந்தான். தட்டை முகத்துக்கு அருகே தூக்கிப் பார்த்துவிட்டு, "இது கோழியா, காளானா? தெரியாம சாப்பிட்டா ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றான். அவள் ஸ்கிரைப் வேலை பார்க்கிறாள் என்றதும் உற்சாகமாகிவிட்டான்.

"உங்க ஊர்ல வாசிச்சுக் காட்டுறதுக்குத் தனியா நேரம் உண்டா? இல்ல மூணு மணி நேரத்துக்குள்ளயேவா?"

"எதை வாசிச்சுக் காட்டுறது?"

"எழுதினதைத்தான். எங்க விதியில அது ஏழாவது. கால் மணி நேரம் கூடக் கொடுப்பாங்க. பக்கத்துல ஒரு ஒலிப்பதிவுக் கருவி ஓடும். வாசிச்சுக் காட்டலன்னாதான் தப்பு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அதுக்கு யாரும் புகார் பண்ணலையா?"

"பண்ணாம? என் மேலதான் பண்ணாங்க. ஒரு வருஷம் போச்சு. அதுக்கப்புறம்தான் விதி வந்துச்சு. வழி போட்டவன் நான், நடக்கிறவன் எல்லாம் என் ஜூனியரு." சிரித்துவிட்டுக் கேட்டான்: "ஏன், உங்க ஊர்ல என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

ஒரு வருஷம் போச்சு என்ற சொல் அன்று முழுவதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் 11.20க்கு அவள் முறை. மேடைக்குப் பக்கத்தில் நேரம் பார்ப்பவர் ஒரு சின்ன மணியோடு உட்கார்ந்திருந்தார். அவள் தாளைப் பிரித்தாள். முதல் மூன்று வரி வாசித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். அரங்கத்தில் யாரோ இருமினார்கள்.

"இந்தத் தாள்ல கடைசி வரி, ஒரு புகாரும் இல்லைன்னு இருக்கு. அது பொய்யாயிடுச்சு" என்றாள்.

பிறகு சொன்னாள். ஒன்பதாவது குறிப்பு, பதினான்காம் அறை, முதலாண்டுப் பெண்ணின் பொய், தான் சொன்ன பாதி உண்மை, இருபத்தெட்டாம் தேதி. மொழி தடுமாறியது, வினைச்சொல் ஒரு பக்கம் போனது, காலம் ஒரு பக்கம் போனது. ஐந்து நிமிடத்தில் மணி அடித்தது. தலைமை வகித்தவர் கையைக் காட்டி மணியை நிறுத்தச் சொன்னார். ஒன்பது நிமிடத்தில் முடித்தாள். யாரும் கைதட்டவில்லை. தன் சங்கத்தின் மானத்தை நாற்பது சங்கங்களுக்கு முன்னால் ஏலம் போட்டுவிட்டோம் என்று அவளுக்குக் காது சூடானது.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. செவிலியர் படிப்பு மாணவி ஒருத்தி. "அட, நீங்களுமா?"

அரங்கம் சிரித்தது. தலைமை வகித்தவர், "ஸ்கிரைப் வாசித்துக் காட்டுவது யாருடைய கல்லூரியில் நடக்கிறது? கையைத் தூக்குங்கள்" என்றார். மற்ற நாற்பது பேரில் ஒன்பது கைகள்.

அன்று பிற்பகல் அட்டவணையில் இருந்த குழு விவாதத்துக்கு அந்த ஒன்பது பேரும் போகவில்லை. அரங்கின் மூலையில் தரையில் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தத்தம் கல்லூரிக்குப் பேசி விதியின் நகலை வரவழைத்தார்கள். அலுவலகம் பூட்டியிருந்த இரண்டு ஊர்க்காரர்கள் யாரையோ கெஞ்சித் திறக்க வைத்தார்கள். மூன்று மணி நேரத்தில் ஒன்பது கடிதங்கள். ஆறில் எழுதப்பட்ட விதி இருந்தது. இரண்டு, விதி இல்லை, வழக்கம் உண்டு என்றன. ஒன்பதாவது அந்தச் செவிலியர் மாணவியுடையது. அதில் இருந்தது வேறு விஷயம்: எங்களையும் பிடித்தார்கள், அனுமதி வாங்காதது எங்கள் தவறு, தேர்வரை வேறு வினாத்தாளுடன், வேறு ஸ்கிரைப்புடன், கண்காணிப்பாளர் பக்கத்தில் உட்கார மறுபடி எழுத வைத்தார்கள், இரண்டு மதிப்பெண்ணும் நெருங்கி வந்ததால் முதல் தேர்வையே ஏற்றார்கள்.

ஒத்திகை அதை அடுக்கின் அடியில் வைத்தாள்.

"ஏய், அதை ஏன் கீழ தள்ளுற? மேல வை" என்றாள் செவிலியர் மாணவி.

"அது எங்க மேல தப்புன்னு நாங்களே ஒத்துக்கற மாதிரி இருக்கே."

"நீ தப்பு பண்ணலையா? பாரு, மத்த எட்டும் நாங்க இப்படிப் பண்றோம்னு சொல்லுது. உங்க மேடம் படிச்சுட்டு, நல்லா இருங்கன்னு ஃபைலை மூடிடுவாங்க. இது ஒண்ணுதான் அடுத்து என்ன பண்ணலாம்னு சொல்லுது."

மஞ்சள் கண்ணாடிக்காரன் தாளைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துப் படித்துவிட்டு, "அன்னைக்கு எனக்கு இந்தத் தாள் ஒண்ணு கிடைச்சிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் திருப்பிக் கொடுத்தான்.

பிறகு சங்கத்துக்கு அவள் எழுதிக் கொடுத்த அறிக்கையில் இதைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஒருவரை அனுப்புவது உரை கேட்பதற்கோ படம் எடுத்துக்கொள்வதற்கோ அல்ல. நம் கல்லூரியில் இந்த வேலையைச் செய்பவர் ஒருவர்தான், அவருக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் கிடையாது, அதே வேலையை அதே பயத்தோடு செய்யும் நாற்பது பேரை அவர் வேறெங்கும் பார்க்க முடியாது என்று எழுதியிருந்தாள். நல்ல செய்தியை மட்டும் கொண்டுபோகும் ஆளை அனுப்பினால் வெறுங்கையோடுதான் திரும்புவார் என்றும் ஒரு வரி உண்டு.

இருபதாம் தேதி ஊர் திரும்பினாள். இருபத்தொன்றாம் தேதி கல்லூரியின் ஒலிநூல் அறையில் வானொலியைப் பார்த்தாள். முதலாண்டுப் பெண்ணும் கூட வந்திருந்தாள். ஒத்திகை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்போ அந்த வாசிக்கிறது விதியில இல்ல?"

"இல்லண்ணா."

"ரெண்டு வருஷமா நான் அதுக்குத் தலையாட்டிட்டு இருந்திருக்கேன். திருட்டுப் பட்டம் எனக்கு, நல்ல பேரு உனக்கு. அப்படித்தானே?"

"அண்ணா, உங்களுக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"நினைச்ச. கேட்டியா? எனக்குக் கண்ணுதான் தெரியாது. வாய் இருக்குல்ல? ஊருக்கே கேக்குது, உனக்குக் கேக்கலையா?"

முதலாண்டுப் பெண் அழ ஆரம்பித்தாள். "நான் யார்கிட்டயும் ஒண்ணுமே சொல்லலக்கா."

"அதான் தப்பாப் போச்சு. இனிமே சொல்லு" என்றாள் ஒத்திகை. பிறகு அவரிடம் ஒன்பதாவது கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். "இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் செய்வேன். நீங்க மறுபடி எழுத முடியாதுன்னா அந்தத் தாளை வைக்க மாட்டேன். மத்த எட்டோட போய்ப் பார்க்கிறேன்."

"எழுதி ஏழு வாரம் ஆச்சு. படிச்சதெல்லாம் வந்த வழியே போயிடுச்சு. மார்க் ரொம்பக் குறைஞ்சா, பாத்தீங்களா, அன்னைக்கு அவதான் சொல்லிக் கொடுத்திருக்கான்னு முடிச்சிருவாங்க." அவர் கை மேசையில் ஒலிக்கருவியைத் தேடியது. "வெளிய போய் நில்லுங்க ரெண்டு பேரும். யோசிக்கணும்."

நாற்பது நிமிடம் நின்றார்கள். கதவு திறந்தது. "வை" என்றார்.

இருபத்து நான்காம் தேதி விசாரணைக் குழுவில் மூன்று பேர். கன்ட்ரோலர் மேடம், அந்தக் கண்காணிப்பாளர், ஒரு சட்டப் பேராசிரியர். ஒத்திகை குறிப்புத் தாளையும் ஒன்பது கடிதங்களையும் மேசையில் வைத்தாள். செவிலியர் மாணவியின் கடிதம் மேலே இருந்தது.

கன்ட்ரோலர் மேடம் குறிப்புத் தாளைப் படித்தார். "இந்த ஒன்பதாவது யார் போட்டது?"

"நான்தான் மேடம். அன்னைக்குக் கேட்டப்போ சொல்லல. அந்தப் பொண்ணு நான் சொன்னதைத்தான் செஞ்சா."

"எந்த அனுமதியில போட்ட?"

"அனுமதி கேக்கல."

"ஏன்?" என்றார் சட்டப் பேராசிரியர்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம் சார்."

"பயந்த புள்ள பண்ற காரியமா இது? எல்லாத்துக்கும் பயம், விதியை மாத்துறதுக்கு மட்டும் பயம் இல்ல!" என்றார் மேடம். ஆறு விதி நகல்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். "இதெல்லாம் அவங்கவங்க ஊர்ச் சட்டம். நம்ம ஹாலுக்குள்ள வராது."

ஒத்திகை கடித அடுக்கைப் பார்த்தாள். மேலே வைத்த கடிதத்தை இன்னும் யாரும் படிக்கவில்லை. "மேடம், அந்த முதல் தாளை மட்டும் ஒரு தடவை பாருங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. சட்டப் பேராசிரியர் அதை எடுத்தார். படித்து மேடத்திடம் தள்ளினார். மேடம் படித்துக் கண்காணிப்பாளரிடம் தள்ளினார்.

"நான் பார்த்ததைத்தான் எழுதினேன்" என்றார் கண்காணிப்பாளர். "என்ன பேசினாங்கன்னு எனக்குக் கேக்கல. மறுபடி எழுதட்டும். பக்கத்துல நானே உக்காருறேன்."

முடிவு எழுதப்பட்டது. இருபத்தாறாம் தேதி பகல் இரண்டு மணி. புதிய வினாத்தாள், வேறு ஸ்கிரைப், ஒலிப்பதிவு. அந்த ஒரு தேர்வுக்கு மட்டும் வாசித்துக் காட்ட அனுமதி. இரண்டு மதிப்பெண்களுக்கும் வேறுபாடு பத்துக்குள் இருந்தால் முதல் தேர்வே செல்லும். பத்தைத் தாண்டினால் இரண்டும் ரத்து. ஒத்திகை தேர்வுக் கட்டடத்துக்குள் வரக் கூடாது.

எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஒன்றேமுக்கால் மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து பதினான்காம் அறையின் ஜன்னல் தெரியும். ஜன்னல் மட்டும்தான் தெரியும். மூன்று மணிக்கு அப்பா வேலைப் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து மசகு எண்ணெய் வாசனை அடித்தது.

"சாப்பிட்டியா?"

"இல்லப்பா."

"நீ பட்டினி கிடந்தா அவருக்கு மார்க் கூடுமா?"

3.17க்கு அந்தக் கண்காணிப்பாளர் கட்டடத்திலிருந்து வேகமாக வெளியே வந்து அலுவலகத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். ஒத்திகை எழுந்து நின்றுவிட்டாள். "அப்பா, எதோ ஆயிடுச்சு. மறுபடியும் பிடிச்சுட்டாங்க. ரிப்போர்ட் எழுதப் போறாரு."

"உக்காரு."

"இல்லப்பா, போச்சு. எல்லாம் போச்சு."

"லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கிறவங்க எல்லாரும் கயிறு அறுந்துடுச்சுன்னுதான் நினைப்பாங்க. முப்பது வருஷத்துல நான் ஒரு கயிறும் அறுந்து பார்க்கல. எவனாவது கதவிடுக்குல குப்பை போட்டிருப்பான். உக்காரு."

அவள் உட்காரவில்லை. ஏழு நிமிடம் கழித்து அவர் திரும்பி வந்தார். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. ஒலிப்பதிவுக் கருவிக்குப் பேட்டரி தீர்ந்ததால், அறையில் இன்னொரு கண்காணிப்பாளரை நிறுத்திவிட்டுப் புதியது எடுக்கப் போயிருக்கிறார். அது மறுநாள் தெரிந்த விஷயம். அந்தப் பெட்டியில் என்ன இருக்கும் என்று அவள் ஐந்து மணிவரை நினைத்துப் பார்க்காத கெட்டது எதுவும் இல்லை.

5.04க்கு வானொலி தம் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தம்பி ஏதோ கேட்டான். அவர் பதில் சொல்லாமல் நடந்தார். பேசாமல் நடந்தால் என்ன அர்த்தம்? அவள் கூப்பிட வாயெடுத்து, கூப்பிடவில்லை. அவர்கள் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தேழாம் தேதி மாலை 4.10க்கு இரண்டு விடைத்தாள்களின் மதிப்பெண்ணும் குழுவின் முன் திறக்கப்பட்டது. முதல் தேர்வு 61. இரண்டாவது 58. முதல் தேர்வு செல்லும் என்று பதிவாயிற்று. முதலாண்டுப் பெண்ணுக்கு எச்சரிக்கை. ஒத்திகை ஓராண்டுக்கு ஸ்கிரைப் பணியிலிருந்து விலக்கப்பட்டாள். நீளநோட்டு அலுவலகத்துக்கு வந்தது. விதி நான்கு திருத்தப்படவில்லை. வாசித்துக் காட்ட விரும்பும் தேர்வர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று அடுத்த பருவத்தில் ஒரு சுற்றறிக்கை மட்டும் வந்தது.

ஆனால் பட்டியல் இன்னும் கைக்கு வரவில்லை. இருபத்தெட்டு சனிக்கிழமை. முத்திரை வைக்க வேண்டிய அலுவலர் பதினோரு மணிக்குத்தான் வந்தார். வானொலி எட்டரையிலிருந்து வராண்டா பெஞ்சில் காத்திருந்தார். பட்டியலை அவர் கையில் கொடுத்த நேரம் 11.20. பயிற்சிக் கல்லூரி ஊரின் மறுகோடியில் இருந்தது. பேருந்தில் போனால் இருபத்தைந்து நிமிடம்.

அன்று ஒத்திகைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. முடிவு தெரியும்; பட்டியல் எப்போது கிடைத்தது, போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அம்மா ஒரு கால்சட்டையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டேகால் ஆனது.

"நீயே கூப்பிட்டுக் கேளேன்டி" என்றார் அம்மா.

"என்ன உரிமையில கேக்குறது?"

12.35க்குத் தொலைபேசி ஒலித்தது.

"கொடுத்துட்டேன்" என்றது வானொலியின் குரல். "பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது உள்ள போனோம். ரசீது வாங்கிட்டேன்."

அவள் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"இருக்கியா?"

"இருக்கேண்ணா."

"உன் மேல கோபம் இன்னும் போகல. சொல்லிடணும்ல?"

"சரிண்ணா."

"எப்போ போகும்னும் தெரியல."

"சரிண்ணா."

"தம்பி பேருந்து வந்துடுச்சுங்கிறான். வைக்கிறேன்" என்றார் அவர்.